பச்சைச் சுவருக்கு எதிரே

இந்த இலைகளுக்குள் மெல்ல நழுவிப் போய்விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணியின் மோதிர விரலைப் பிடித்து நகப்பூச்சு போட்டபடி அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுவதும் செடிகள். கொடிகள் விளக்கொளியில் அசைவதுபோல் இருந்தது. அசைய அந்த அறையில் காற்று ஏது? தலைக்குள் பஞ்சை அடைத்தாற்போல ஒரு மிதப்பு. கால்கள் தரையில்தான் இருந்தன, ஆனால் யாருடையவோ போல. அது அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் கிடைக்காத ஓய்வு வேலை செய்யும் இடத்தில் கிடைக்கிறது என்று நம்பியிருந்தாள்.

"தூங்குமூஞ்சி, விரல்ல போடு. மேசைக்கு எதுக்கு அலங்காரம்?" என்றாள் பார்லர் நடத்தும் அக்கா.

பார்த்தாள். மேசையில் சிவப்பாக ஒரு கோடு.

"அஞ்சாம் மாசம்ல, தூக்கம் வரத்தான் செய்யும்," என்று சிரித்தாள் அந்தப் பெண்மணி.

நகப்பூச்சு போடும் அந்த அறையில் முன்பு நெடியை வெளியே தள்ளும் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. போட்டால் சத்தம் ஊரையே கூட்டும். வருகிறவர்கள் கண்ணை மூடிச் சாய முடியவில்லை என்று அக்கா அதைக் கழற்றி, ஓட்டையை அடைத்துவிட்டு, சுவர் நிறையச் செடி வைத்தாள். கெட்ட வாடையையெல்லாம் செடி குடித்துவிடுமாம். பின்கதவையும் சாத்தச் சொன்னாள். திறந்து வைத்தால் செடி சுத்தம் செய்த காற்று வீணாக வெளியே போய்விடும் என்பது அவள் கணக்கு. குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல ஒவ்வோர் இலையாகத் துடைப்பாள். மசக்கையில் இவள் வாடிக் கிடந்தபோது தன் சாப்பாட்டில் பாதியைப் பிரித்துக் கொடுத்ததும் அவள்தான். அப்படிப்பட்டவளிடம் எப்படி முகத்தை முறித்துப் பேசுவது?

பெண்மணி போனதும், நகப்பூச்சை அழிக்கும் ரிமூவரில் நனைத்த பஞ்சைக் கொட்டப் பின்கதவைத் திறந்து படிக்கட்டுக்கு வந்தாள். சந்தில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். ஈரக் காற்று முகத்தில் மோதியது. பஞ்சு கரைவதுபோல் தலை தெளிந்தது. அப்போதுதான், மீன் வாலால் தொட்டதுபோல வயிற்றுக்குள் ஓர் அசைவு. முதல் அசைவு. நின்ற இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் மிதந்தபோதெல்லாம் நீயும் மிதந்தாயா? உன்னைக் கேட்காமல் உனக்கு என்ன கொடுத்துக்கொண்டிருந்தேன்? ஓய்வு என்று அவள் நினைத்திருந்தது நெடி ஏற்றிய மயக்கம் என்று இப்போது தெரிந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, சிலை மாதிரி நிக்கிறே?"

"காலையில பூட்டைத் திறக்கறப்போ நேத்து அடிச்ச நெடி அப்படியே இருக்குக்கா. ராத்திரி பூரா செடிங்க சும்மாதானே இருந்துச்சு? அதைக்கூடக் குடிக்கலையே."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள செடியை வச்சு, காத்தைச் சுத்தம் பண்ணுதுன்னு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்கடி. நான் என்ன கதையா விடறேன்?"

"நிஜமாத்தான் இருக்கும். அந்தப் பெட்டிக்குள்ள நாள் பூரா நகப்பூச்சு போட்டுக்கிட்டு யாராச்சும் உக்காந்திருந்தாங்களாக்கா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு இருமலும் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தாள். "வாய் நீளம் உனக்கு. அந்த ஃபேன் சத்தத்துல எவ வருவா? இந்தக் காட்டைப் பார்க்கத்தானே வர்றாங்க."

"செடி இருக்கட்டும்க்கா. பார்க்க நல்லாத்தான் இருக்கு."

உள்ளே மணி ஒலித்தது. அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார். அக்கா குரலைத் தாழ்த்தினாள். "சரி, அப்புறம் பேசிக்கலாம். கதவைச் சாத்திட்டு வா கண்ணு."

கண்ணு என்றதும் மனம் இளகியது. இளகிய மனத்தோடேயே உள்ளே போய் மேசையைத் துடைத்தாள், நாற்காலியைப் படிப்பக்கமாக இழுத்துப் போட்டாள், தூரிகையை எடுத்து வைத்தாள். திறந்தே விட்ட பின்கதவு வழியாகச் சந்தின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது.

"கதவு," என்றாள் அக்கா மறுபடியும்.

"வேலை செய்யறேன்க்கா," என்றாள் அவள், குரல் உயராமல். "சாத்த மாட்டேன்."