அழுகாத முட்டைகள்

மனைவி பொன்மலர் டைபாய்டில் இறந்தபின் எங்கள் மகள் எஸ்தருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்துவந்தேன். எனக்கு வைக்கத் தெரிந்தது அதுதான். இரண்டு வயதில் அவள் கால் வீங்கியது. முடி செம்பட்டையாகி, சீப்போடு வந்தது.

வேலூர் டாக்டர் அவள் பாதத்தை அழுத்தினார். விழுந்த குழி மேலெழவில்லை.

"கஞ்சியில ஒண்ணும் இல்ல. முடிக்கும் தோலுக்கும் கந்தகம் சேர்ந்த புரதம் வேணும். தினமும் முட்டை குடுங்க. இல்லன்னா பிள்ளை தங்காது. நீங்க இன்னா வேலை பாக்குறீங்க?"

"ஆம்பூர்ல தோல் பதனிடுற ஷாப்புல கெமிஸ்ட். சல்பைடு போட்டுத் தோல்ல இருந்து முடியை எடுக்குறோம்."

"அதுவும் கந்தகம்தான்," என்றார். இருவரும் சிரிக்கவில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அரக்கோணத்திலிருந்து லில்லி அக்கா வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். காலையில் ஷாப்பு வாசலில் அக்தரி பேகத்திடம் முட்டை வாங்குவேன். பை பகலெல்லாம் சுண்ணாம்புக் குழிக் கொட்டகையில் தொங்கும். மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோவேன். அக்கா முகர்ந்து பார்த்துவிட்டுச் சாக்கடையில் எறிவாள்.

"கூமுட்டைடா. நல்லா உன் தலையில கட்டுறா."

சல்பைடு வேலையில் என் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. அக்கா சொன்னால் சரி.

அக்தரி பேகத்திடம் கேட்டேன்.

"காலைல போட்டது சார், இன்னும் சூடு ஆறல. பேஜார் பண்ணாதீங்க."

ஷாப்பு மேஸ்திரி கலீமுல்லாவிடம் ஒன்றை முகரக் கொடுத்தேன். வெகுநேரம் முகர்ந்தார்.

"எனக்கு பிரியாணி வாசனையே தெரியல சார். முட்டையைக் கொண்டாந்து குடுக்குறீங்களே."

அந்த வாரம் எஸ்தரின் முகமும் வீங்கியது. அவள் அழுவதை நிறுத்தியிருந்தாள். ஒரு மாலை முட்டைகளை வாளித் தண்ணீரில் போட்டேன். கெட்டுப்போனவை மிதக்க வேண்டும். எல்லாம் அடியில் போய்ப் படுத்தன.

"மூழ்கினா இன்னா? நாத்தம் வருதே," என்றாள் அக்கா. ஒன்றை எடுத்துக் கழுவி முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு என் சட்டைப் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, கழுவினதும் நாத்தம் போயிடுச்சு. முட்டை இல்லடா. நீதான்."

போய் அடுப்பு மூட்டினாள். நான் சோப்புப் போட்டுக் குளித்து, சலவை வேட்டி கட்டி வந்தேன்.

வெந்த மஞ்சள் கருவை அக்கா ஊட்டினாள். எஸ்தர் வாயை இறுக மூடிக்கொண்டாள். நான் ஊட்டினேன். என் விரலை முகர்ந்துவிட்டு, யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னைக்கும் சாப்பிடலன்னா..." அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

கொல்லைக்குப் போய், ஊறப்போடாமல் கிடந்த ஷாப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். எஸ்தர் என் மடியில் ஏறினாள். வாயைத் திறந்தாள்.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அடுத்த முட்டையை உரித்துக் கொடுத்தாள்.