பொட்டு வைத்த சார்ஜர்

தங்கமுத்து ஸ்பின்னிங் மில்லின் மானேஜர் வேலுசாமிக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்றும் கிடையாது. அப்படி ஏதாவது எதிரே வந்துவிட்டால் அதற்கு ஒரு பொட்டு வைத்துவிடுவார். அதன் பிறகு அது தெரிந்த விஷயம்.

இங்கிலாந்திலிருந்து பாட்டரி வண்டி வந்தபோதும் அப்படித்தான் செய்தார். கட்டிலைவிடச் சற்றுப் பெரிய இரும்புத் தட்டு, நான்கு குட்டிச் சக்கரங்கள், ஓட்டுகிறவன் நிற்க முன்னால் ஒரு படி. தட்டுக்கு அடியில் பன்னிரண்டு செல். கிடங்கிலிருந்து பஞ்சுப் பேல்களைச் சுமந்துபோய் மில்லுக்குள் இறக்கும். புகை கிடையாது, சத்தம் கிடையாது. முதலாளி தங்கமுத்து தன் பிள்ளைகளைக் காட்டியதைவிட அதிகம் பேருக்கு அந்த வண்டியைக் காட்டியிருப்பார். வந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்து, "கரன்ட் எங்கேருந்து வருது?" என்று கேட்பார்கள். வேலுசாமி, "அடியில இருக்கு" என்பார். அவருடைய மின்சார ஞானம் அத்தோடு முடிந்தது.

வண்டியைப் பார்த்துக்கொண்டது எலக்ட்ரீஷியன் சூசைமாணிக்கம். யுத்த காலத்தில் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஆறு வருஷம் பாட்டரியோடு மட்டுமே காலம் தள்ளியவன். அதிகம் பேசமாட்டான். பேசினாலும் கேட்பதற்கு அந்த மில்லில் ஆள் இல்லை.

1961-ஆம் வருஷம் ஆயுதபூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம். பகலெல்லாம் பேல் ஏற்றிக் களைத்த வண்டி, கடைசி நடையில் ஊர்ந்து வந்து ஷெட்டில் நின்றது. சார்ஜ் போட வந்த சூசைமாணிக்கம் வாசலிலேயே நின்றுவிட்டான். சார்ஜர் பெட்டிக்கு மாலை போட்டிருந்தது. சுவிட்சின் மேல் சந்தனம் அப்பி, நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

"சார், ராத்திரி மட்டும் சார்ஜ் போட்டுக்கறேன். காலையில நானே பொட்டு வச்சு விடுறேன்."

"ஏலே சூசை, பூஜைக்கு வச்ச ஆயுதத்தைத் தொடலாமா? உங்க வேதத்துல இதெல்லாம் இருக்காது."

"பாட்டரி காலியா இருக்கு சார். காலியா போட்டா கெட்டுப்போகும்."

"மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்கு ஓய்வு குடுக்கறோம். மாடு செத்தா போகுது?"

"மாட்டுக்குப் புல்லு போடுறோமே சார்."

வேலுசாமிக்குக் கோபம் வந்தது. ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

விஜயதசமியன்று மில் மெஷின்கள் எல்லாவற்றையும் அவரே ஓட்டி வைத்தார். வண்டியை மட்டும் விட்டுவிட்டார். அது முதலாளிக்குச் செல்ல வண்டி. முதலாளி கையால்தான் ஓட ஆரம்பிக்க வேண்டும். முதலாளியோ பஞ்சு வாங்கப் பம்பாய் போயிருந்தார். சூசைமாணிக்கம் தினமும் சாவி கேட்டான். வேலுசாமி தினமும் சாஸ்திரம் சொன்னார். மூன்றாம் நாளே, பின்னால் பழி தன்மேல் வருமென்று, அவன் முதலாளியின் பம்பாய் விலாசத்துக்கு 'வண்டி சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது' என்று ஒரு கார்டு எழுதிப் போட்டான். வேலுசாமியும் ஒன்று எழுதினார். முதலாளி வேலுசாமிக்குப் பதில் போட்டார்: 'நான் வந்து ஓட்டுகிறேன்.' பேல்களைக் கிடங்குப் பெண்கள் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினார்கள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் முதலாளி வந்தார். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முதலாளி படியில் ஏறி நின்று கைப்பிடியைத் திருப்பினார். வண்டி கனைத்தது. முன் சக்கரம் பழத்தின்மேல் பாதி ஏறியது, யோசித்தது, பின்வாங்கி நின்றுவிட்டது.

பஞ்சுக் கிடங்கில் வேலை செய்யும் ஜக்கம்மாள் அடக்கமுடியாமல் சொன்னாள்: "ஆத்தி! எலுமிச்சம்பழத்துக்கே இம்புட்டு மூச்சு வாங்குதே, பேலை எங்கிட்டுச் சுமக்கும்?"

பெண்கள் சிரித்தார்கள். முதலாளியின் முகம் கறுத்தது. வேலுசாமி முந்திக்கொண்டார். "எலக்ட்ரீஷியன் கவனிக்கலை முதலாளி. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பொய்யை நினைத்துச் சொல்கிறவனுக்குத்தான் முகம் மாறும். வேலுசாமி நினைப்பதில்லை.

"கார்த்திகை ஒண்ணாந்தேதிக்குள்ள வண்டி ஓடணும். இல்லேன்னா நீ வேற மில்லைப் பாத்துக்க" என்றார் முதலாளி. சூசைமாணிக்கம் வாயைத் திறக்குமுன் காரில் ஏறிவிட்டார். மில் வீட்டில் குடியிருக்கும் ஐந்து பிள்ளைக்காரனுக்குப் பதினோரு நாள் கெடு.

அவன் ஆசிட் பார்க்கும் ஹைட்ரோமீட்டரை எடுத்தான். கண்ணாடிக் குழல், மேலே ரப்பர் குமிழ், உள்ளே ஒரு மிதவை. செல்லில் சார்ஜ் இருந்தால் மிதவை மேலே எழும்பி நிற்கும், இல்லாவிட்டால் முங்கிவிடும். பன்னிரண்டு செல்லிலும் முங்கியது. சார்ஜ் போட்டுப் பார்த்தான். அரை மணியில் செல்கள் சுட்டுக் கொதித்தன, மிதவை அசையவில்லை. பட்டினி கிடந்த தகடுகளில் வெள்ளையாக உப்புக் கட்டிவிட்டது. அந்த உப்பைக் கரைத்தால்தான் உயிர் வரும்.

பழைய ஆசிட்டைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுச் சுத்தமான தண்ணீரை ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக, மெதுவாகக் கரன்ட் கொடுக்க வேண்டும். மில் இருந்த திண்டுக்கல்லின் தண்ணீரை ஊற்றினால் இருக்கிற உயிரும் போகும். கொதிக்கவைத்த பாத்திரத்தில் சுண்ணாம்பாகப் படிகிற தண்ணீர் அது. வேலுசாமி பெரிய மனது பண்ணி ஒரு யோசனை சொன்னார்.

"தாடிக்கொம்புக் கோயில் தீர்த்தம் ஒரு குடம் கொண்டாரச் சொல்லட்டுமா?"

"குடிக்கிறதுக்குன்னா கொண்டாரச் சொல்லுங்க சார்."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. சூசைமாணிக்கம் துவைத்த வெள்ளைத் துணியை நாலு கம்பில் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல் வைத்து, அடியில் பீங்கான் ஊறுகாய் ஜாடி வைத்தான். ஜாடி ஜக்கம்மாள் கொடுத்தது. கிடங்குப் பெண்கள் நாலு பேர் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். தள்ளுவண்டியைத் தள்ளி இடுப்பு ஒடிந்தவர்கள். வண்டிக்கு உயிர் வர வேண்டுமென்று அந்த மில்லில் உண்மையாக வேண்டிக்கொண்டது அவர்கள்தான்.

"அண்ணே, ஊறுகாய், வெஞ்சனம் வைக்க ஜாடி இல்லாம என் வீட்டுக்காரன் கத்துறான். சீக்கிரம் பொழைக்க வைங்க" என்றாள் ஜக்கம்மாள்.

"செத்துப்போனதையா பொழைக்க வைக்கிறேன்? பட்டினி போட்டுட்டாங்க, கஞ்சி ஊத்துறேன்."

"அந்த மானேஜரையும் ஒரு பத்தொன்பது நாள் இதே ஷெட்டுல பூட்டி வச்சு, பொட்டு வச்சு, மாலையும் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

மழைத் தண்ணீரில் ஐந்து நாள் கரன்ட் ஏறியது. வெறும் தண்ணீராக ஊற்றியது, உப்புக் கரையக் கரைய, கொஞ்சம் கொஞ்சமாக ஆசிட்டாக மாறியது. மிதவை தினமும் ஒரு நூல் எழும்பியது. எழும்புவது நின்றதும் அதைக் கொட்டிவிட்டுப் புது ஆசிட் ஊற்றி மறுபடி இரண்டு நாள் சார்ஜ் போட்டான். பத்துச் செல்களில் மிதவை நிமிர்ந்து நின்றது. நான்காவதும் ஒன்பதாவதும் நிமிரவில்லை. செல்லின் பலம் பார்க்கும் முள்வைத்த டெஸ்டரை அழுத்தினால் மற்றவை தாங்கின. இவை இரண்டும் மூச்சு விடுவதற்குள் பூஜ்யத்தில் விழுந்தன. தகடுகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டிருந்தன. அவற்றைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, மிச்சப் பத்தையும் ஈயப் பட்டையால் இணைத்தான்.

கெடுவுக்கு முந்தின நாள் முதலாளி வந்தார். ஆறு பேலோடு வண்டி கிடங்கிலிருந்து மில்வரை போய்த் திரும்பியது. முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக. முதலாளிக்குச் சந்தோஷம். வேலுசாமி, "ரெண்டு வாரம் நான் விரதம் இருந்தேன் முதலாளி" என்றார்.

முதலாளி சூசைமாணிக்கத்தைத் தனியாகக் கூப்பிடவில்லை; எல்லோர் முன்னாலும்தான் சொன்னார். "காரண்டி இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. ரெண்டு செல்லு கம்பெனிக் கோளாறுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதி கையெழுத்துப் போடு. புதுசு அனுப்பிருவான்."

"கம்பெனிக் கோளாறு இல்லை முதலாளி. பத்தொன்பது நாள் சார்ஜ் இல்லாமக் கெடந்தது."

"அது எனக்குத் தெரியும்."

"கம்பெனிக்காரன் செல்லை அறுத்துப் பார்த்தா அவனுக்கும் தெரியும். கையெழுத்து என்னுது. அப்புறம் எந்த மில்லுலயும் எவனும் என்னை நம்பமாட்டான்."

பேலை இறக்கிக்கொண்டிருந்த பெண்கள் கை ஓய்ந்து நின்றார்கள். எல்லோருக்கும் தெரிந்த பொய்யை ஒருவன் மட்டும் எழுதமாட்டேன் என்கிறான். முதலாளிக்கு உறைத்தது இரண்டு செல் அல்ல. உண்மையை எழுதினால், பம்பாயில் உட்கார்ந்து 'நான் வந்து ஓட்டுகிறேன்' என்று கடிதம் போட்டவரின் பெயரும் அதில் வந்துவிடும்.

வேலுசாமிக்கு வாய்ப்பு வந்தது. "இவன் எழுதலேன்னா கணக்கைத் தீர்த்து அனுப்புங்க. இது என்ன பெரிய வித்தை? நானே பார்த்துக்கறேன், எழுதியும் தாரேன்."

"சரி, பாரும்" என்றார் முதலாளி. அவர் வியாபாரி, வாங்குமுன் சரக்கைத் தட்டிப் பார்க்கிறவர். "அந்தக் குழாயை எடுத்து, எந்தச் செல்லு எப்படி இருக்குன்னு சொல்லும்."

வேலுசாமி ஹைட்ரோமீட்டரை ஊதுகுழல் மாதிரிப் பிடித்தார். வண்டிக்கு அடியில் குனிந்தால் வேட்டி அழுக்காகும் என்று, தரையில் கழற்றி வைத்திருந்த நான்காவது செல்லில் விட்டு உறிஞ்சினார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நெடுநேரம் ஆராய்ந்தார்.

"நல்லா முங்கி இருக்கு முதலாளி. ஃபுல் சார்ஜ்!"

ஜக்கம்மாள் சொன்னாள்: "அப்ப கெணத்துல விழுந்தவனும் நல்லாத்தான் இருப்பான்."

சிரிப்பு கிடங்குவரை போய்த் திரும்பியது. அந்தப் பதற்றத்தில் குமிழ் அழுந்தி, ஆசிட் வேலுசாமியின் வேட்டியில் கொட்டியது. அவர் துடைத்தார், துடைத்த இடம் நாராகக் கையோடு வந்தது.

முதலாளி வேலுசாமியைப் பார்த்தார். பிறகு வாசலில் குவிந்திருந்த பேல்களைப் பார்த்தார். நியாயம் எது என்று அவர் யோசித்ததாகத் தோன்றவில்லை. நாளைக் காலையில் இந்த வண்டிக்கு யார் சார்ஜ் போடுவது என்று யோசித்தார்.

"ரிப்போர்ட்டு ஒண்ணும் வேணாம். ரெண்டு செல்லு மெட்ராஸ்ல ஆர்டர் போட்டுருவோம். நீ வேலையைப் பாரு, சூசை."

"ஷெட் சாவி என்கிட்ட இருக்கணும் முதலாளி. பூஜையன்னைக்கும்."

முதலாளி வேலுசாமியின் பக்கம் கையை நீட்டினார். வேலுசாமி ஒரு கையால் வேட்டி ஓட்டையை மூடிக்கொண்டு, மறு கையால் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ஷிப்டுக்குப் பேல் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. சூசைமாணிக்கம் படியில் நின்று ஓட்டினான். வேறு வேட்டி கட்டி வந்திருந்த வேலுசாமி முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போய், "வண்டி வருது, ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று பெண்களை விரட்டினார். பெண்கள் ஏற்கெனவே ஒதுங்கித்தான் நின்றிருந்தார்கள்.