இருதயசாமியின் நிழல் விழுந்த நிலா

2010ஆம் ஆண்டு பிறந்த இரவில் இருதயசாமியின் நிழல் நிலாவில் விழுந்தது. பட்டுச் சேலைக் கரைகளுக்காகத் தறியில் மாட்டும் டிசைன் அட்டையில் துளை குத்துகிறவர் அவர். புத்தாண்டுப் பூசை முடிந்து ஆரணி ஏரிக்கரைத் தெருவுக்குத் திரும்பியவர், காயப்போட்ட லுங்கியை எடுக்க மொட்டைமாடிக்கு ஏறினார். அன்று பாதிச் சந்திர கிரகணம். நிலாவின் கீழ் ஓரம் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பிலிருந்து ஒரு கை நீண்டு கொடியில் கிளிப்பைத் தேடியது. தெருவில் கேக் பங்கிட்டுக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தொப்பையும் விடைத்த காதும் அவருடையவையேதான். நிலாவில் விழுவது பூமியின் நிழல், அதன் மேல் நிற்கிறவர் நிழலும் சேர்ந்து விழுந்தால் என்ன தப்பு என்று கல்லூரி வாத்தியார் லோகநாதன் சொல்லிவிட்டார். ஊரும் சரி என்று படுக்கப் போனது.

பிறகு பலரும் அதே மாடியில் ஏறிப் பார்த்தார்கள். பட்டு முதலாளி ஒருவர் சால்வையோடு வந்து நின்றார். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. இருதயசாமியைத் தவிர யார் நிழலும் விழவில்லை. அதுவும் கீழே தரையில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். மாடியில் நிற்பவருக்கு வெறும் கிரகணம்தான். அதனால் அவர் தன்னைத் தானே ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. 2017இல் தேவிகாபுரத்துச் சொந்தக்காரர்கள் போன் போட்டு, மாமா லுங்கியை மடித்துக் கட்டியது நன்றாகத் தெரிந்தது என்றார்கள். பக்கத்து வீட்டு அபிதகுசாம்பாளுக்கு மட்டும் பேஜார். கிரகணம் விடும்வரை வாசற்படி தாண்டாதவள், ஜன்னல் வழியாகவே கத்துவாள்: "கிரகணத்துக்குத் தல முழுவறதா, உங்க ஊட்டுக்காரரு நெழலுக்கு முழுவறதா?"

இருதயசாமியின் மனைவி ஃப்ளோரன்ஸ் ஒவ்வொரு முறையும் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கழுத்து வலிக்க உட்கார்ந்திருப்பாள். மாடியிலிருந்து அவர் கேட்பார்: "எப்படி கீறேன்?" இவள், "நல்லாதான் கீறீங்க, வயித்த உள்ள இழுங்க" என்பாள். "நீயும் மேல வாயேன்" என்று அவர் கூப்பிடாத கிரகணம் இல்லை. "நான் வந்தா உங்கள யாரு பாக்கறது?" என்று இவளும் போனதில்லை. 2019இலும் போகவில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலையில் வேலூர் ஆஸ்பத்திரியில் இருதயசாமி செத்துப்போனார். பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். முகம் காட்டவில்லை. கணவனைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லையே என்ற ஏக்கம் ஃப்ளோரன்ஸைத் தின்றது. 2023 கிரகணத்தன்று விடிய விடிய மேகம். அடுத்த பாதிக் கிரகணம் வருவதற்குள் மகள் அமுதா மாடி மேல் மாடி கட்ட ஏற்பாடு செய்து, கம்பியும் செங்கல்லும் தெருவில் வந்து இறங்கிவிட்டன. மொட்டைமாடி போய்விட்டால் அவர் எங்கே வந்து நிற்பார்? "மார்ச் மாச கிரகணம் முடியட்டும். அவரு வந்துட்டுப் போவட்டும்" என்று ஃப்ளோரன்ஸ் கொத்தனாரிடம் சொன்னாள். அவரும் நியாயம்தான் என்று சாந்துச் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

2026 மார்ச் கிரகணம் மற்ற ஊர்களில் முழுசாக இருந்தது. ஆரணிக்குக் கிடைத்தது மிச்சம்தான். பொழுது சாய்ந்ததும் ஏரிக்கு மேலே பாதி நிலா எழுந்தது. ஃப்ளோரன்ஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்த்தாள். கறுப்பு வெறும் கறுப்பாக இருந்தது. காது இல்லை, தொப்பை இல்லை. தெருக்காரர்கள் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனார்கள். அவள் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, நாளை கொத்தனார் வருவாரே என்று துணிக்கொடியை அவிழ்க்க மாடிக்கு ஏறினாள். முடிச்சில் கை வைத்தபோது கீழே ஒரு அலறல் கேட்டது. கிரகணத்தில் வாசற்படி தாண்டாத அபிதகுசாம்பாள் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஃப்ளோரன்சு, அப்படியே நில்லு! ரெண்டு பேரு கீறீங்க!"

ஃப்ளோரன்ஸ் பக்கத்தில் பார்த்தாள். கொடிதான் ஆடியது. நிலாவைப் பார்த்தாள். வெறும் கிரகணம்.

"எப்படி கீறாரு, யக்கா?"

"தொப்பை கொறையல. உன் தோள் மேல கை போட்டுகினு கீறாரு. நகராதடி!"

கிரகணம் முழுதும் விடும்வரை அவள் நகரவில்லை.

மறுவாரம் வேலை தொடங்கி மேல்மாடி எழும்பியது. யாரும் கேட்காமலேயே கொத்தனார் உச்சித் தளம்வரை படி வைத்து, கொடிக்கு இரண்டு கம்பியும் நட்டுக்கொடுத்தார். அபிதகுசாம்பாள் இப்போது குறைசொல்வதில்லை. இருவர் நிழலுக்கும் சேர்த்து ஒரே முழுக்குப் போதும் என்கிறாள். அடுத்த பாதிக் கிரகணம் 2028இல். பிளாஸ்டிக் நாற்காலி அவள் வீட்டு வாசலில் கிடக்கிறது. கீழே இருந்து பார்க்க ஒருவர் வேண்டுமே.