தவளையின் பின்சக்கரங்கள்

அண்ணனின் ஷெட் சுவரில் உடைந்த ஆக்சில்கள் மூன்று ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் சாக்பீஸால் ஒரே வார்த்தையை அவன் கைப்பட எழுதியிருந்தான்: கால். அதாவது தங்கச்சியின் கால். பழுது பார்க்க வண்டி விட வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் போதும், செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு முழுக் கதையும் சொல்வான். தங்கச்சி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பதினாறு வருடத்தில் அவள் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த ஒருவர்கூடத் தடுமாறி விழுந்ததில்லை. அந்தக் காலை ஊரே சிரிக்கும்படி சுவரில் எழுதி வைத்தால் அவளுக்கு வயிறு எரியாதா?

கார் இருவருக்கும் சொந்தம். பழைய ஸ்போர்ட்ஸ் கார், பச்சை நிறம், எஞ்சின் முன்னால் இருந்தாலும் இழுவை முழுவதும் பின்சக்கரங்களில். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுதான் அது எழுந்து நின்றது. நானூறு மீட்டர் நேர்ப்பாதைப் போட்டியில் அவள் ஓட்டுவது, அவன் பழுது பார்ப்பது என்று பேச்சு. ஆனால் கோட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் பின்பக்கம் தடதடவென்று துள்ளியது. டயர் தரையைப் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும், எல்லாம் ஒரே நொடிக்குள். அத்தனை அடியும் சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டான ஆக்சிலில் போய் இறங்கும். மூன்று போட்டியில் மூன்று ஆக்சில் மடாரென்று ஒடிந்து, காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். போட்டிக்காரர்கள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல," என்றான் அண்ணன். நான்காவது ஆக்சிலை அப்போதுதான் மாட்டி முடித்திருந்தான். "ரப்பர் புஷ் எல்லாம் ரெண்டு தடவ மாத்தியாச்சு. கிளட்ச்ச நீ விடுற விதம்தான் சரியில்ல."

"வண்டியையும் ஒரு தடவ பாரேண்ணா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்." கையைத் துடைத்துக்கொண்டே அடுத்ததையும் சொல்லிவிட்டான். "நாளைக்கும் ஒடிஞ்சா, அடுத்த போட்டியிலேருந்து டயர்கடைக்காரன் ஓட்டட்டும். அவன்கிட்ட பேசிட்டேன்."

டயர்கடைக்காரன் போன வாரம் தவளைக்குள் உட்கார்ந்து சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தபோது, நெட்டையன், காலை நீட்டிப் பார்க்கிறான் என்றுதான் நினைத்திருந்தாள். அவள் ஓட்டுவதற்காகக் கட்டிய கார் அது. ஸ்டீயரிங்குக்கு உறை தைத்ததுகூட அவள்தான்.

சொல்லவேண்டிய ஒரு விஷயம் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் தொண்டையில் நின்றது. அன்று டிப்போவில் பஸ்ஸைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, ஃபிட்டர் உள்ளே இறங்கி, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். தூக்கி வைத்தால் வேலை சுலபம்தானே என்று பொழுதுபோகாமல் கேட்டாள். "தூக்கினா சக்கரம் தொங்கும்மா," என்றார் அவர். "தொங்கும்போது இறுக்கினா, ரப்பர் அந்த நிலையிலயே பிடிச்சுக்கும். கீழ இறக்கினதும் முறுக்கிக்கிட்டே நிக்கும். அப்புறம் வண்டி எப்படி நிம்மதியா ஓடும்?"

அண்ணனிடம் பள்ளம் கிடையாது. அவனிடம் இருப்பது லிஃப்ட். காரை மேலே ஏற்றி, நிமிர்ந்து நின்றபடி, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் இறுக்குவான். அந்த லிஃப்ட் வந்த நாளிலிருந்து அவன் தரையில் முதுகை வைத்ததில்லை. இருபத்தைந்து வருட மெக்கானிக்கிடம் போல்ட் இறுக்கத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

அண்ணி டீயோடு வந்தாள். பக்கத்து அறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். இவள் முகத்தைப் பார்த்ததுமே, "வாய்க்குள்ள என்னமோ வச்சிருக்கியே. துப்பிடு," என்றாள்.

தங்கச்சி துப்பிவிட்டாள். "புஷ் போல்ட் எல்லாம் எப்ப இறுக்கினே? வண்டி மேல இருக்கும்போதா, கீழ நிக்கும்போதா?"

"மேலதான். ஏன்?"

அவள் ஃபிட்டர் சொன்னதைச் சொன்னாள். அண்ணன் முகம் சிவந்தது.

"அவரு பஸ் பாக்கிறவரு. இது ஸ்போர்ட்ஸ் காரு."

"ரெண்டுலயும் ரப்பர்தானே," என்றாள் அண்ணி. "துணிய இழுத்துப் பிடிச்சுத் தச்சா, கைய விட்டதும் சுருங்கத்தான் செய்யும். இதுக்கு மெக்கானிக் வேணுமா?"

டீ ஆறியது. பிறகு அண்ணன் நான்கு தடித்த பலகைகளைத் தேடி எடுத்து, சக்கரங்கள் அவற்றின் மேல் நிற்கும்படி காரை லிஃப்டிலிருந்து இறக்கி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடியில் நுழைந்தான். தொப்பை இடித்தது. யாரும் சிரிக்கவில்லை.

முதல் போல்ட் தளர்ந்தபோது டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவதும் டொக். எட்டும் தளர்ந்து முடிந்தபோது காரின் பின்பக்கம் ஒரு விரல் அளவு தணிந்திருந்தது. டயருக்கு மேலே நான்கு விரல் புகுந்த இடத்தில் இப்போது மூன்றுதான் புகுந்தது. அப்புறம் அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

"நீளமான பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர குடு. இப்படியே இறுக்கிடறேன்."

மறுநாள் போட்டிப் பாதையில் டயர்கடைக்காரன் ஹெல்மெட்டோடு வந்து நின்றான். அவனைப் பார்க்காமலே அவள் காரில் ஏறினாள். ஈரத்தரையில் சக்கரங்களைச் சுழலவிட்டுச் சூடேற்றினாள். கோட்டில் நிறுத்தி, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம்வரை இடது காலைத் தளர்த்தி, எஞ்சினை ஒரே சுருதியில் வைத்தாள். விளக்கு பச்சையானது. கிளட்சை உதறாமல், இழுக்காமல், ஒரே சீராக விட்டாள்.

பின்பக்கம் ஒரு தடவை அதிர்ந்தது. அவ்வளவுதானா, போச்சா? இன்னொரு துள்ளல் வந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடவேண்டும் என்று காத்திருந்தாள். இரண்டாவது துள்ளல் வரவில்லை. கார் பின்பக்கமாக உட்கார்ந்து, தரையைக் கவ்வி, அவளை சீட்டோடு அழுத்திக்கொண்டு பறந்தது. நானூறு மீட்டர் முடிந்து வேகம் குறைந்த பிறகுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அண்ணன் குனிந்து, நான்காவது ஆக்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த போட்டிக்கு டயர்ல காத்து இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்," என்றான்.

"யாருக்காக? டயர்கடைக்காரருக்கா?"

"அவன் சீட்ட பின்னால தள்ளி வச்சிருந்தான். முன்னாலயே இருக்கட்டும்."

திங்கட்கிழமை மாலை டூட்டி முடிந்து, பஸ் சீருடையோடு ஷெட்டுக்கு வந்தாள். உள்ளே பேச்சுக்குரல் கேட்டதால் வாசலிலேயே நின்றாள். மூன்று ஆக்சில்களின் கீழும் பழைய எழுத்து ஈரத்துணியால் துடைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் புதிதாக, அதே கையெழுத்தில்: கை.

வண்டி விட வந்த ஒருவர் அது என்ன என்று கேட்டிருக்கவேண்டும். அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "அது பெரிய கதை சார்," என்று ஆரம்பித்தான். "ஒரு மடையன் லிஃப்ட் வாங்கினான்."