கோழிக்கு என்று வாங்கிய தவிடு

டிரஸர் கணேசமூர்த்தி என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில்தான் அப்படி நிற்கும்.

"எத்தன மாசம்?"

"ஆறு."

"மூச்சு வாங்குதா?"

"நடந்தா வாங்கும். நடக்காம எப்படி இருக்கிறதுங்கய்யா?"

உட்கார்ந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. என் புருஷன் முருகையாவை சயாம் ரயில் வேலைக்கென்று லாரியில் ஏற்றிப் போன நாளிலிருந்து இதே கதைதான். நாலு மாதமாக, தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கால் வீங்கினால் ஆம்பளப் பிள்ளை என்று லயத்துப் பெண்கள் சொல்லிவிட்டு, அவரவர் மரவள்ளிக் கிழங்கை உரிக்கப் போய்விட்டார்கள்.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, மருந்து இல்லை, பஞ்சுகூட இல்லை. காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரஸர் ஒருவர்தான் மிச்சம்.

"தவிடு தின்னும்மா," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "மாட்டு வைத்தியமா பாக்குறீங்க?"

"ஊசி இருந்தா போட்டிருப்பேன் லா. இது பெரிபெரி. மெஷின்ல தீட்டி அளந்து குடுக்கிற பங்கு அரிசியும் கிழங்கும் மட்டும் தின்னா இப்படித்தான் வரும். சத்தெல்லாம் தவிட்டுல போயிருது. தெனம் ரெண்டு கைப்பிடி தின்னு." கொஞ்சம் தயங்கினார். "மொதப் புள்ள எப்படிப் போச்சு?"

சொன்னேன். நன்றாகத்தான் பிறந்தான். இரண்டரை மாதத்தில் ஒருநாள் காலையில் வாயைத் திறந்து அழுதான், சத்தம் வரவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணேறு என்றார்கள்.

"கண்ணேறு இல்லம்மா. ஒன் ஒடம்புல சத்து இல்ல. அதான் பாலுலயும் இல்ல."

நல்ல மனிதர்தான். ஆனாலும் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குப்பியை எடுத்து அவர் தலையில் போடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. என் பாலைக் குடித்தா என் பிள்ளை செத்தான்? எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் வயிற்றில் இருந்தது உதைத்துக்கொண்டே வந்தது. இதையும் அப்படி விட்டுவிட என்னால் முடியாது.

தவிட்டுக்கு எங்கே போவது? தோட்டத்தில் நெல் ஏது? பெடாஸ் ஊருக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்கள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் கம்பம் என்கிற மலாய்க்காரர்களின் கிராமம் இருந்தது. அங்கே மக் தீமா என்ற அம்மாள் வீட்டுக்குப் பின்னால், காலால் மிதித்து நெல் குத்துகிற உலக்கை உண்டு. தவிட்டுக்கு மலாயில் 'டெடாக்' என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனேன். என்னுடைய மலாய் பங்கு அரிசி மாதிரி. கொஞ்சம்தான், அதிலும் கல்.

"டெடாக்?" என்று மக் தீமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆயாமுக்கா?"

கோழிக்கா என்று கேட்டார். அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. தவிடு தின்கிறதில் ஒய்யாரம் வேறேயா என்பார்கள். எனக்கு இருந்ததே! முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் 'எனக்குத்தான்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆமாம், ஆயாமுக்குத்தான் என்றேன். எத்தனை என்று கேட்டார். ஐந்து விரலைக் காட்டினேன். இல்லாத கோழியில் ஒன்றோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

உலக்கையைச் சுற்றித் தரையில் கிடந்ததை விளக்குமாற்றால் கூட்டி என் கூடையில் போட்டார். உமியும் மண்ணுமாக இருந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு புடைத்து, வறுத்து, தண்ணீரில் கரைத்துக் கண்ணை மூடிக் குடித்தேன். பல்லில் மணல் நறநறத்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை போய் வாங்கி வருவேன். மூன்று வாரத்தில் வீக்கம் கணுக்காலுக்கு இறங்கியது. அழுத்தினால் குழி விழும், ஆனால் சீக்கிரம் நிரம்பிவிடும்.

நாலாம் வாரம் போனபோது மக் தீமா வீட்டுக்குள்ளிருந்து பச்சைக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், அவளுக்கு நாலு தெலோர் கொண்டு வா என்றார். தெலோர் என்றால் முட்டை. இவ்வளவு தவிடு தின்கிற கோழி முட்டையிடாமலா இருக்கும் என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

தோட்டத்துக் கோழிகளை ஜப்பான் சிப்பாய்கள் எப்போதோ தின்று தீர்த்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாரியம்மாவிடம் ஒரே ஒரு பெட்டை ஒளிந்திருந்தது. அதுவும் அடைகாத்துக்கொண்டிருந்தது.

"ஒரு முட்டை குடுக்கா," என்றேன்.

"எம் புள்ளைங்க கண்ணுலயே காட்டாம வச்சிருக்கேன். ஒனக்கு எப்படிக் குடுக்கிறது லா?"

அவள் சொன்னதும் நியாயம்தான்.

அதன்பிறகு கம்பத்துக்குப் போகவில்லை. போகாமல் உட்காரவும் முடியவில்லை. வயல் தெரிகிற இடம்வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். பிள்ளை பெற்றவளுக்கு நாலு முட்டை தர மனமில்லாதவள் என்று நினைப்பாரே என்று கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொல்லி, இத்தனை நாள் ஏமாற்றினாயா என்று துரத்திவிட்டால் தவிடும் போச்சு என்று பயமாகவும் இருந்தது. ஐந்தாம் நாள் காலை அழுத்திப் பார்த்தேன். குழி பழையபடி நின்றது. வயிற்றில் அசைவே இல்லாத மாதிரி இருந்தது. தட்டிப் பார்த்தேன், ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து லேசாக ஒரு துடிப்பு தெரிந்தது. அதற்குமேல் மானமாவது மண்ணாவது. கூடையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மக் தீமா நெல் குத்திக்கொண்டிருந்தார். கூடையை எட்டிப் பார்த்தார்.

"தெலோர்?"

"தாடா," என்றேன். இல்லை.

"ஆயாம்?"

"ஆயாமும் தாடா, மக்."

அவர் முகம் மாறியது. அப்படியானால் டெடாக் யாருக்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயெல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடிப்போனது. மிச்சமிருந்த இரண்டு சொல்லைச் சேர்த்தேன்.

"ஆயாம்... சாயா."

கோழி நான்தான். உள்ளேயிருந்து மகள் சிரித்தாள். மக் தீமாவும் சிரித்தார். நான் சேலையை முழங்கால்வரை தூக்கி, விரலால் அழுத்திக் காட்டினேன். வயிற்றைத் தொட்டேன், பிறகு வாயைத் தொட்டேன். அவர் குனிந்து அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

திடீரென்று அவருக்குக் கோபம் பொங்கியது. என் கூடையைப் பிடுங்கித் தலைகீழாகத் தட்டினார். ஒட்டியிருந்த பழைய தவிடு மண்ணில் உதிர்ந்தது. முடிந்தது, இனி தவிடு இல்லை என்று நினைத்தேன்.

"சம்பா!" என்று கத்தினார். குப்பை! கோழி எச்சம் கிடக்கிற தரையில் கூட்டின குப்பையையா தின்றாய், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதையா தின்றாய் என்று முதுகில் ஒன்று வைத்தார். கையைப் பிடித்து இழுத்துப் படியில் உட்கார வைத்தார். உரல் குழியிலிருந்து புதிதாக அள்ளிச் சலித்த தவிட்டை வறுத்தார். தேங்காய்த் துருவலும் வெல்லமும் போட்டுப் பிசைந்து வாழை இலையில் வைத்தார். படியைக் காட்டினார், என் வாயைக் காட்டினார், தன் கண்ணைக் காட்டினார். தினமும் இங்கே வந்து என் கண்முன்னால் தின்ன வேண்டும் என்கிறார். இதற்கு மலாய் தேவைப்படவில்லை.

நான் தின்னத் தொடங்கிய பிறகும் திட்டு நிற்கவில்லை. பாதிக்குமேல் புரியவும் இல்லை. கப்பலேறி வந்து நாலு வருஷமாகிறது. பிள்ளைத்தாய்ச்சியே, அங்கே போகாதே, இதைத் தின்னாதே என்று அதட்ட இந்தச் சீமையில் எனக்கு ஒருவரும் இருந்ததில்லை. முதல் பிள்ளைக்கு யாராவது இப்படி என் முதுகில் ஒன்று வைத்திருக்கக் கூடாதா? வாய் நிறையத் தவிட்டோடு அழுதேன். விக்கிக்கொண்டது. மக் தீமா தண்ணீரை நீட்டி, மெதுவாகத் தின்னத் தெரியாதா என்று அதற்கும் திட்டினார்.