இருபதாவது கூடு

ஹார்லன் தன் மச்சான் டெல்பர்ட்டின் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான். விபத்து நடந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நாலு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், கண்ணில் கட்டுப் போட்டுக் கிடந்தவனிடம் வேட்டைப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய புத்திசாலி அவன்.

மொன்டானாவின் அந்த ஊரில் அடுத்தவன் வீட்டில் வெடிமருந்து நிரப்பிய தோட்டாவை யாரும் சுட மாட்டார்கள். டெல்பர்ட் இதில் ரொம்பக் கறார். "உன் கையால பன்னிக்கறி வேணா திம்பேன் மச்சான், தோட்டா மட்டும் வேணாம்" என்று இருபது வருஷமாகக் கேலி செய்துவந்தான். ஹார்லனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ராணுவம் சுட்டுக் கழித்துப்போட்ட பித்தளைத் தோட்டாக் கூடுகளை ஹார்லன் வாளிக் கணக்கில் வாங்கி வைத்திருந்தான். கழுவி, மருந்து நிரப்பி, சுட்டு, மறுபடியும் நிரப்புவான். ஐந்தாறு தடவைக்குமேல் அடிப்பக்கம் உள்ளுக்குள் தேய்ந்துவிடும்; வெளியே தெரியாது. வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். தேய்ந்த இடத்தில் கம்பி உரசினால், சுடும்போது கிழியும் என்று கூட்டை நசுக்கி எறிந்துவிட வேண்டும்.

இந்த வருஷம் கடைகளில் தோட்டா கிடைக்கவில்லை. வேட்டைக்கு இரண்டு நாள் இருக்கையில் டெல்பர்ட் வந்து, "ஒரு பெட்டி குடு மச்சான், உன்ன விட்டா எனக்கு யாரு?" என்றான். ஹார்லனுக்குத் தலைகால் புரியவில்லை. அவனைச் சமையலறையில் காபியோடு உட்கார வைத்துவிட்டு, பெட்டிக்கு வேண்டிய இருபது தோட்டாவை நிரப்பும் வேலையில் இறங்கினான். இருபதாவது கூட்டில் கம்பி லேசாக உரசியது. வாளியில் மிச்சமிருந்ததெல்லாம் கழுவாதவை. பத்தொன்பது கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் பெட்டியில் ஒரு குழி காலியாக இருந்தால் கேலி செய்வானே! கம்பியில் பட்டது அழுக்காக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதிலும் மருந்தைப் போட்டான்.

மலையில் டெல்பர்ட் சுட்டபோது ஒரு கூடு உள்ளேயே கிழிந்து, நெருப்பும் புகையும் பின்பக்கம் பீறிட்டன. வலது கண் போயிற்று.

"உள்ள வர்றதுக்குப் பத்திரிகை அடிக்கணுமா?" என்று டெல்பர்ட் கதவைத் திறந்துகொண்டு கத்தினான். ஹார்லன் வண்டியிலிருந்து இறங்கிப் போனான்.

"ஒருத்தன் உன் தோட்டாமேல பழி போட்டான் மச்சான். வாய மூடுறா, அவன் கை தப்பாதுன்னேன். எல்லாம் எங்கப்பா துப்பாக்கி பண்ணின வேலை. கிழடு, பின்பக்கப் பூட்டு தளந்துபோச்சு."

"துப்பாக்கிமேல தப்பில்ல, டெல்பர்ட்" என்றான் ஹார்லன். "ஒரு கூட்டுல கம்பி உரசிச்சு. தெரிஞ்சேதான் போட்டேன். பெட்டி நிறைஞ்சிருக்கணும்னு."

டெல்பர்ட் அடிக்கவாவது செய்வான் என்று ஹார்லன் காத்திருந்தான்.

"கண்ணு போனது போச்சு" என்றான் டெல்பர்ட் கடைசியில். "இன்னொருத்தன் கண்ண வாங்கிடக் கூடாதுன்னு அந்தத் துப்பாக்கிய நேத்து சாயங்காலம் மூணு துண்டா அறுத்துப் போட்டேன். அப்பா ஞாபகமா எனக்கு இருந்தது அது ஒண்ணுதான். நீ நேத்துக் காலையில வந்திருக்கக் கூடாதா, மச்சான்?"

ஹார்லன் நேற்றுக் காலையிலும் இதே வாசல்வரை வந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருந்தான்.