கவிழ்த்துப் போட்ட கூரை

எங்கள் சோதனைக்கூடத்தில் கூரையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுத்தான் மணல் மூட்டை ஏற்றுவோம். அதைப் பார்த்துச் சிரிக்காத ஆளே கிடையாது. கூரை போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் என் அண்ணனும் சிரித்தான்.

"காத்து மேலேர்ந்துதானே அடிக்கும்? இதென்ன, செத்த கரப்பான்பூச்சி மாதிரி மல்லாத்திப் போட்டிருக்க?"

"காத்து கூரையை அமுக்காதுண்ணா. மேல தூக்கிப் பிடுங்கும். காத்தை மூட்டை கட்ட முடியுமா? அதான் கவுத்துப் போட்டு, மணலை வெச்சுக் கீழ இழுக்கறோம்."

புது குடோன் வேலைக்கு எங்கள் சான்று இருந்தால்தான் அவனைச் சேர்த்துக்கொள்வார்கள். எப்போதும் எப்படிப் போடுவானோ அப்படியே போடச் சொல்லியிருந்தேன். மெல்லிய தகட்டை மடித்துச் செய்த சட்டங்கள், ஷீட், ஸ்க்ரூ எல்லாவற்றையும் அவனே கொண்டுவந்து பூட்டினான். வாய் மட்டும் இல்லையென்றால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். அண்ணி வேலை பார்க்கும் பேக்கிங் ஹாலுக்குப் போட்டதும் இதே சரக்குதான், இம்மி பிசகாமல் இதே மாதிரிதான் என்று பெருமையடித்துக்கொண்டே பூட்டினான்.

மூட்டைகளை அடுக்கினோம். தாங்க வேண்டிய எடையில் பாதியைக்கூடத் தொடவில்லை. நடுச் சட்டம் உட்கார்ந்தபடி தூங்குகிறவன் தலைபோல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து முறுக்கிக்கொண்டது. அப்புறம் ஸ்க்ரூக்களைச் சுற்றி ஷீட் கிழிந்தது. மூட்டைகள் தரையில் விழுந்தன.

"சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல குறுக்குக் கம்பி எங்கண்ணா?"

"அதை யார் போடறா? லொடலொடன்னு ஆடிக்கிட்டுக் கெடக்கும். ஒரு வேலையும் செய்யாது."

"சட்டம் சாயாம பிடிக்கறதுதான் அதோட வேலை. அண்ணி ஹாலுக்காவது போட்டியா?"

அவன் சட்டைப் பையில் போனைத் தேடினான். அன்று பலத்த காற்று வீசும் என்று காலையிலேயே எச்சரித்திருந்தார்கள். வெளியே இரும்புக் கேட் தானாகத் திறந்து திறந்து மோதிக்கொண்டிருந்தது.

அண்ணிக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மிச்சம் இருந்தது ஹால் முதலாளியின் நம்பர்தான். புது குடோனும் அவருடையதுதான். அண்ணன் போனை என்னிடம் நீட்டினான்.

"நீ சொல்லேன். நீதானே டெஸ்ட் பண்ணே."

"கூரை உன்னோடது. நீயே சொல்லு." எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அடித்தான். "சார், நான் போட்ட கூரையை நம்பாதீங்க. ஆளுங்களை எல்லாம் காங்கிரீட் கூரை போட்ட ஆபீஸுக்கு அனுப்பிடுங்க. இல்ல சார், குடிக்கல. என் பொண்டாட்டி உள்ள இருக்கா சார்."

காத்திருந்தோம். கேட் மோதும் ஒவ்வொரு தடவையும் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. கடைசியில் அண்ணியே ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? கூரை குத்துக்கல்லாட்டம் அப்படியே இருக்கு. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க. புது குடோன் வேலை உங்களுக்கு இல்லன்னு முதலாளி சொல்லிட்டார். நாங்க திரும்ப உள்ள போகட்டுமா?"

"காத்து நிக்கற வரைக்கும் போகாத. சிரிச்சா சிரிக்கட்டும்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பாவமாகவும் இருந்தது. டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். அவன் சாய்ந்து கிடந்த சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பள்ளிக்கூடத்துக்கும் நான்தான் போட்டேன்," என்றான். "அவங்க நம்பர் இருக்கா உங்கிட்ட?"